காவல்துறையால் ஓர் உயிர் போனால்: எந்தக் கதவை முதலில் தட்டுவது?

“மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாமா, உயர் நீதிமன்றத்தின் மதுரை பெஞ்சுக்குப் போகலாமா? இல்லை, ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை முடியும்வரை பொறுத்திருக்கலாமா?”

இந்தக் கேள்வி அண்மையில் மூன்று பேரிடமிருந்து வந்தது. ஒருவர் தம்பியைப் பறிகொடுத்தவர். மற்ற இருவரும் தங்கள் ஊரில் அப்படி ஒரு சாவு நடந்ததைப் பார்த்து, அந்தக் குடும்பத்துக்குத் துணை நிற்பவர்கள். நான் வக்கீல் இல்லை. இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, அவர்களோடு ஜி.எச்.சுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்த பழக்கம் உண்டு. அதிலிருந்துதான் எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடல் இன்னும் மார்ச்சுவரியில் இருக்கிறது என்றால் உயர் நீதிமன்றம்தான் முதல் கதவு. ஆணையத்துக்குப் போக ஒரு வருடம் அவகாசம் இருக்கிறது. உடலுக்கு இரண்டு நாள்கூட இல்லை. கீழே சொல்வதில் பெரும்பகுதி இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வருவதுதான்.

## எந்த மாதிரிச் சாவு?

விசாரணைக்குக் கூட்டிப்போன இடத்தில் அடித்து இறப்பது ஒன்று. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த அப்பாவும் மகனும், 2025 ஜூனில் திருப்புவனம் பக்கம் மடப்புரம் கோயில் காவலாளி இறந்ததும் இந்த வகை. ‘என்கவுன்டர்’ இரண்டாவது. 2012 பிப்ரவரியில் சென்னை வேளச்சேரியில் வங்கிக் கொள்ளைச் சந்தேகத்தில் ஐந்து பேர் ஒரே வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கூட்டத்தைக் கலைக்கச் சுடுவது மூன்றாவது. 2018 மே 22 தூத்துக்குடியை யாரும் மறந்திருக்க முடியாது. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் போனார்கள், 17 வயதுப் பெண் ஒருவர் உட்பட.

வகையைப் பிரித்துக்கொள்வது ஏன் முக்கியம் என்றால், காவலில் நடந்த மரணத்துக்கு நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) விசாரணை கட்டாயம். 2006இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அது. இப்போதைய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 196. என்கவுன்டருக்கு உச்ச நீதிமன்றம் 2014இல் பி.யூ.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு போட்ட வழக்கில் 16 நெறிமுறைகள் வகுத்தது. எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், சுட்ட ஆட்களே விசாரிக்கக் கூடாது, சிஐடியோ வேறு ஸ்டேஷன் குழுவோ உயர் அதிகாரி மேற்பார்வையில் விசாரிக்க வேண்டும், நடுவர் விசாரணை வேண்டும், சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கொடுக்கக் கூடாது. இவை பின்பற்றப்படவில்லை என்றால் குடும்பம் செஷன்ஸ் நீதிபதியிடம் முறையிடலாம். இந்தக் கடைசி வழி இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். கைது செய்யப் போகும்போது எதிர்த்தால் தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் அந்தப் புதிய சட்டத்தின் அதே 43ஆம் பிரிவு, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாதவரைக் கொல்லும் உரிமையை இது தரவில்லை என்றும் சொல்கிறது. “தற்காப்புக்காகச் சுட்டோம்” என்பது காவல்துறைக்கென்று தனியாகக் கொடுத்த சலுகை அல்ல. உங்களுக்கும் எனக்கும் இருக்கும் அதே தற்காப்பு உரிமைதான் அவர்களுக்கும். அந்த வாதத்தை நிரூபிக்க வேண்டிய இடம் நீதிமன்றம்.

## எதை வைத்து எடை போடுவது

எந்த வழியாக இருந்தாலும் நான் கேட்கும் கேள்விகள் இவை. முதல் சில நாட்களில் உடலையும் சிசிடிவி பதிவையும் ஸ்டேஷன் ரெக்கார்டையும் காப்பாற்றித் தருமா? யார் விசாரிப்பார்கள், குற்றம் சாட்டப்பட்டவரோடு நேற்றுவரை டீ குடித்தவரா? முடிவில் யாராவது கூண்டில் நிற்பார்களா, அல்லது அறிக்கையோடு முடிந்துவிடுமா? பணமும் நாளும் எவ்வளவு போகும்? கடைசியாக, இந்தக் கதவைத் தட்டினால் வேறு எந்தக் கதவு மூடிக்கொள்ளும்? யாரும் சொல்லித் தராத கேள்வி இதுதான். நிறையப் பேர் அடிபடுவதும் இங்கேதான்.

## எந்தக் கதவுக்கும் முன்னால்: மார்ச்சுவரி வாசல்

ஒரு மாவட்ட மருத்துவமனையின் பிணவறை வாசலில் ஒரு விடியற்காலை. இறந்தவரின் மனைவி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தை தூங்குகிறது. எஸ்.ஐ. ஒருவர் குனிந்து, ரொம்ப மரியாதையாக, “அம்மா, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டா பாடியைக் கொண்டு போயிடலாம். வண்டிகூட ரெடியா இருக்கு” என்றார். தாளின் மேல்பாதியில் உடலைப் பெற்றுக்கொண்டதற்கான வாசகம். கீழ்ப்பாதி வெறும் வெள்ளை. அந்தப் பெண் படிக்கத் தெரிந்தவர்தான், அன்றைக்கு எழுத்து எதுவும் கண்ணில் ஏறவில்லை. பேனாவை வாங்கிவிட்டார். அவருடைய அக்கா கையைப் பிடித்து நிறுத்தியதால் அந்த வழக்கு வழக்காக நின்றது.

உள்ளே போய்ப் பார்த்தபோது கழுத்துவரை துணி போர்த்தியிருந்தார்கள். முகத்தில் காயமே இல்லை. துணியை விலக்கச் சொல்லி வற்புறுத்திய பிறகுதான் உள்ளங்கால் தெரிந்தது. இரண்டு பாதமும் கன்றிக் கறுத்திருந்தன.

அதனால் சொல்கிறேன், முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வராதீர்கள். உள்ளங்கால், முதுகு, தொடையின் பின்பக்கம், மணிக்கட்டு எல்லாவற்றையும் பாருங்கள், போட்டோ எடுங்கள். இது நீங்கள் கெஞ்சிக் கேட்க வேண்டிய சலுகை அல்ல. 2020 டிசம்பரில் மதுரை பெஞ்ச் காவல் மரணங்களுக்கான போஸ்ட்மார்ட்டம் பற்றித் தெளிவான உத்தரவு போட்டிருக்கிறது. குடும்பத்தார் உடலைப் பார்த்த பிறகே போஸ்ட்மார்ட்டம் தொடங்க வேண்டும், தடயவியல் மருத்துவம் படித்த இரண்டு டாக்டர்கள் செய்ய வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும், குடும்பம் கோர்ட்டுக்குப் போகப் போவதாகச் சொன்னால் உடலைக் குறைந்தது 48 மணி நேரம் பிணவறையில் வைத்திருக்க வேண்டும்.

அந்த 48 மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள், எழுத்தில். “உடலை வாங்க மாட்டோம்” என்று ரோட்டில் உட்கார்வது அழுத்தம் கொடுக்கும், உண்மைதான். ஆனால் மருத்துவமனை டீனுக்கும் எஸ்.பி.க்கும் ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிய குடும்பத்துக்குத்தான் கோர்ட்டில் பேச ஏதாவது இருக்கும். அதே கடிதத்தில் ஸ்டேஷன் சிசிடிவி பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லியும் எழுதுங்கள். எல்லாக் காவல் நிலையத்திலும் கேமரா வைத்து 18 மாதம் பதிவைக் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2020இல் உத்தரவிட்டிருக்கிறது.

உடல் எரிந்துபோன பிறகு இந்தக் கட்டுரையில் வரும் எந்த வழியும் பாதி பலத்தோடுதான் நிற்கும். எரிக்காமல் புதையுங்கள் என்று சொல்லும்போது சில குடும்பங்களுக்குக் கோபம் வரும், வழக்கத்துக்கு மாறு என்பார்கள். மறு போஸ்ட்மார்ட்டம் வேண்டியிருந்தால் வேறு வழி கிடையாது.

## நடுவர் விசாரணை

இது நீங்கள் தட்டாமலே திறக்கிற கதவு. அதனாலேயே நிறையப் பேர் இதை நம்பிச் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

இதில் இரண்டு ரகம் இருக்கிறது. ஆர்.டி.ஓ. நடத்துவது வருவாய்த்துறை விசாரணை. தமிழ்நாடு காவல் நிலை ஆணை 151இன்படி நடப்பது. ஆர்.டி.ஓ.வும் அரசு அதிகாரிதான், எஸ்.பி.யோடு தினமும் ஒரே கூட்டத்தில் உட்கார்கிறவர். தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூட்டுக்கு உத்தரவிட்டதாக ஆவணத்தில் காட்டப்பட்டவர்கள் துணை வட்டாட்சியர்கள், அதாவது அதே துறைக்காரர்கள். நீதித்துறை நடுவர் நடத்தும் விசாரணை வேறு. அவர் உயர் நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டவர். காவல் மரணம் என்றால் உங்களுக்கு உரியது இந்த இரண்டாவது ரகம். ஆர்.டி.ஓ. அழைப்பு மட்டும் வந்தால் “நீதித்துறை நடுவர் விசாரணை எப்போது?” என்று எழுதிக் கேளுங்கள்.

நல்லது என்னவென்றால் செலவே கிடையாது, பக்கத்து ஊரிலேயே நடக்கும், குடும்பத்துக்குத் தகவல் சொல்லி உடனிருக்க விட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஒரு நேர்மையான நடுவர் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சாத்தான்குளம் சாட்சி. உயர் நீதிமன்றம் அனுப்பிய நடுவர் ஸ்டேஷனுக்குள் போனபோது போலீசாரே அவரைக் கேலி பேசி, ஒத்துழைக்க மறுத்தார்கள். அத்தனைக்கும் நடுவில் ஒரு பெண் தலைமைக் காவலரின் வாக்குமூலத்தை அவர் பதிவு செய்தார். விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தக் கறை இருந்தது என்று அந்த அம்மா சொன்னார். தன்னோடு வேலை பார்த்தவர்கள் வெளியே நிற்கும்போது இதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். சிசிடிவி ஹார்டு டிஸ்கில் இடம் இருந்தும் பதிவுகள் தினமும் அழியும்படி செட் செய்யப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்ததும் அதே நடுவர்தான்.

மறைந்திருக்கும் விலை: இது மரணத்தின் காரணத்தைத் தேடும் விசாரணை, யாரையும் தண்டிக்கும் வழக்கு அல்ல. அறிக்கை வந்த பிறகு வழக்கை நகர்த்த வேண்டியது மறுபடியும் போலீஸ்தான். அப்புறம், நீங்கள் பதற்றத்தில் அங்கே சொன்ன ஒரு வார்த்தை பின்னால் குறுக்கு விசாரணையில் உங்களுக்கு எதிராக வரும். நேரம், யார் வந்து கூட்டிப்போனார்கள், என்ன சட்டை போட்டிருந்தார் என்று தேதி வாரியாக எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.

## உயர் நீதிமன்றத்தில் ரிட்

ரிட் என்பது அரசுக்கும் அதிகாரிகளுக்கும் உத்தரவு போடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் நேரடியாகக் கொடுக்கும் மனு. எனக்குத் தெரிந்து முதல் வாரத்தில் உண்மையிலேயே பல் உள்ள ஒரே கதவு இது. மறு போஸ்ட்மார்ட்டம், சிசிடிவி பறிமுதல், விசாரணையை வேறு அமைப்புக்கு மாற்றுவது, இடைக்கால இழப்பீடு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கேட்கலாம். காவல் மரணத்துக்கு அரசு இழப்பீடு கொடுத்தாக வேண்டும் என்பது 1993இல் நீலாபதி பெஹெரா வழக்கிலிருந்து வரும் சட்டம். ஒடிசாவில் மகனை இழந்த ஒரு தாய் எழுதிய கடிதத்தை மனுவாக ஏற்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு அது.

சாத்தான்குளத்தில் மதுரை பெஞ்ச் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. தடயங்கள் அழிந்துவிடும் என்று அஞ்சி, காவல் நிலையத்தையே வருவாய்த்துறை கட்டுப்பாட்டில் கொண்டுவர வைத்தது. திருப்புவனத்தில் ஒரு மாவட்ட நீதிபதியை அனுப்பி ஒரு வாரத்தில் அறிக்கை வாங்கியது. உடலில் 44 காயங்கள் என்பது வெளியே தெரிந்தது அந்த நீதிமன்றத்தில்தான். அரசு ஏற்கெனவே கொடுத்த 7.5 லட்சத்துக்கு மேல் 25 லட்சம் இடைக்கால இழப்பீடும் அங்கேதான் உத்தரவானது. கோயிலில் வேலை பார்த்த ஒருவர் கழிவறை ஜன்னல் வழியாக எடுத்த சில விநாடி வீடியோ அந்த வழக்கையே தூக்கி நிறுத்தியது.

சரி, இவ்வளவு நல்ல கதவு என்றால் எல்லாரும் இதற்கே போகலாமே? விலை இருக்கிறது.

பணத்தை நினைத்துப் பயப்படுபவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. மனைவியோ அம்மாவோ மனுதாரராக இருந்தால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் 1987ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டப்படி இலவச வக்கீலுக்கு உரிமை உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அப்படியே. உண்மையான செலவு வேறு. மனுதாரர் பெயர் வெளியே வந்த நாளிலிருந்து வீட்டு வாசலில் பைக் நிற்கும். தம்பி மேல் பழைய கேஸ் ஏதாவது இருந்தால் அது உயிர் பெறும். சாட்சி சொல்ல வந்தவர் மெல்ல நழுவுவார். இந்த அழுத்தத்தைத் தாங்கக்கூடிய ஒருவரை, முடிந்தால் போலீஸ் எல்லைக்கு வெளியே வேலை பார்க்கும் உறவினரை, மனுதாரராகப் போடுங்கள்.

இன்னொரு மயக்கம் சிபிஐ. “சிபிஐக்கு மாற்றிவிட்டார்கள்” என்று கேட்டதும் பாதி ஜெயித்த மாதிரி குடும்பங்கள் நிம்மதியாகி விடுகின்றன. தூத்துக்குடி வழக்கை 2018 ஆகஸ்டில் மதுரை பெஞ்ச் சிபிஐக்கு மாற்றியது. 13 உயிர் போன அந்த வழக்கின் குற்றப்பத்திரிகையில் காவல்துறைத் தரப்பில் ஓர் இன்ஸ்பெக்டரின் பெயர் மட்டுமே வந்தது. சாத்தான்குளத்தில் உயர் நீதிமன்றம் தினமும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது, மாநில சிபிசிஐடியே சில நாட்களில் அதிகாரிகளைக் கைது செய்தது. விசாரிக்கும் அமைப்பின் பெயரைவிட அதன் தோளுக்கு மேல் நீதிபதி நிற்கிறாரா என்பதுதான் முக்கியம். அதனால் மனுவில் “சிபிஐ வேண்டும்” என்பதோடு நிறுத்தாதீர்கள். “நீதிமன்றக் கண்காணிப்பில்” என்ற சொற்களையும் போடச் சொல்லுங்கள்.

காலமும் ஒரு செலவு. சாத்தான்குளம் அளவுக்கு நாடே கவனித்த வழக்கிலேயே விசாரணை நீதிமன்றத்தில் ஐந்து வருடத்துக்கு மேல் ஓடியது.

வேறு மாநிலத்தில் நடந்த சாவு என்றால் இது இன்னும் கடினம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரும் தமிழ்நாட்டு மரம்வெட்டிகள். உடலைப் பாதுகாக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் கேட்டவர்கள், மறு போஸ்ட்மார்ட்டத்துக்கு ஹைதராபாத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஜவ்வாது மலையிலிருந்து ஹைதராபாத் எவ்வளவு தூரம், எத்தனை பஸ் மாற வேண்டும், அங்கே என்ன மொழி பேசுவார்கள்? அந்த மாதிரிச் சூழலில் அமைப்புகளின் துணை இல்லாமல் தனியாக இறங்க வேண்டாம்.

## மனித உரிமை ஆணையம்

கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, தமிழில் எழுதிய ஒரு பக்கம் போதும். மாநில ஆணையம் சென்னை கிரீன்வேஸ் சாலையில் இருக்கிறது, தபாலில் அனுப்பலாம். இழப்பீடு வாங்கித் தருவதிலும், அதைச் சம்பந்தப்பட்ட அதிகாரியின் சம்பளத்திலிருந்தே பிடிக்கச் சொல்வதிலும் இந்த ஆணையத்துக்கு நல்ல பழக்கம் உண்டு. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்த பிறகு அதற்கு வலு கூடியிருக்கிறது. அடித்துக் காயப்படுத்தியது, சட்டவிரோதமாக அடைத்து வைத்தது போன்ற புகார்களுக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் உயிர் போன வழக்கில் இதை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். ஆணையம் யாரையும் கைது செய்யாது, உடலைக் காப்பாற்றித் தராது. அதன் விசாரணைப் பிரிவில் இருப்பவர்களும் காவல்துறையிலிருந்து வந்தவர்களே. சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. தூத்துக்குடி விவகாரத்தைத் தேசிய ஆணையம் தானாகவே கையில் எடுத்து, ஐந்தே மாதத்தில், 2018 அக்டோபரில், முடித்து வைத்துவிட்டது. சுடப்பட்டவர்களின் குடும்பங்கள் அந்த முடிவை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

மூடிக்கொள்ளும் கதவுகளைக் கவனியுங்கள். சம்பவம் நடந்து ஒரு வருடம் தாண்டினால் ஆணையம் எடுக்காது. மாநில ஆணையத்தில் புகார் நிலுவையில் இருந்தால் தேசிய ஆணையம் தொடாது. நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம் என்று சொல்லியும் புகாரைத் தள்ளுவார்கள். அதனால் இரண்டு ஆணையத்துக்கும் ஒரே நாளில் ஆர்வக் கோளாறில் தபால் போடாதீர்கள். உள்ளூர் அழுத்தம் அதிகம், மாநில அரசே எதிர்த்தரப்பு மாதிரி நடந்துகொள்கிறது என்றால் தேசிய ஆணையம். போய் வந்து விசாரணையில் கலந்துகொள்ள வேண்டும் என்றால் மாநில ஆணையம்.

## அரசு அமைக்கும் விசாரணை ஆணையம்

இது நீங்கள் தேர்ந்தெடுப்பது இல்லை, கொந்தளிப்பு பெரிதானால் அரசு தருவது. ஆனாலும் “ஆணையம் போட்டாச்சு, போராட்டத்தை நிறுத்துங்க” என்று வந்து பேசும்போது ஒத்துக்கொள்வதா என்ற முடிவு உங்கள் கையில் இருக்கும்.

1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த பேரணியைப் போலீஸ் விரட்டியடித்ததில் தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். நீதிபதி மோகன் ஆணையம் அதற்குக் காவல்துறையைப் பொறுப்பாக்கவில்லை. தூத்துக்குடிக்கு அமைத்த அருணா ஜெகதீசன் ஆணையம் அப்படி அல்ல. நான்கு வருடம் எடுத்தாலும் உண்மையைச் சொன்னது. தப்பி ஓடியவர்களைச் சுட்டிருக்கிறார்கள் என்று எழுதி, 17 காவல்துறையினர் மீதும் அப்போதைய ஆட்சியர் மீதும் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்துக்கு வந்தது.

ஆணையம் சொன்ன 17 பேரையும், சிபிஐ குற்றப்பத்திரிகையில் இருந்த அந்த ஒரு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆணையத்தின் கண்டுபிடிப்பு குற்ற வழக்கில் தானாகச் சாட்சி ஆகாது. அது மட்டுமல்ல, 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, அங்கே ஓர் அதிகாரி சொன்ன வாக்குமூலத்தை அவருக்கு எதிராக வேறு வழக்கில் பயன்படுத்தவும் முடியாது.

ஆகவே ஆணையம் வந்தால் போய்ச் சொல்லுங்கள். வரலாற்றில் பதிவாக அதற்கு மதிப்பு உண்டு. அதைக் காரணம் காட்டி எஃப்.ஐ.ஆரையும் ரிட்டையும் தள்ளிப்போட மட்டும் சம்மதிக்காதீர்கள்.

## தனிப் புகாரும் ‘பேசி முடிப்பதும்’

எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் நடுவர் நீதிமன்றத்தில் நேரடியாகத் தனிப் புகார் கொடுக்கலாம். புதிய சட்டத்தில் இதன் வேகம் குறைந்துவிட்டது. புகாரை ஏற்கும் முன்பே அரசு ஊழியர் தரப்பைக் கேட்க வேண்டும். அவர் கடமையைச் செய்தபோது நடந்தது என்றால் அரசின் முன் அனுமதியும் வேண்டும். அனுமதி பற்றி 120 நாளில் முடிவெடுக்காவிட்டால் கொடுத்ததாகவே கருதப்படும் என்பது மட்டும் புதிய சட்டத்தின் நல்ல அம்சம். மற்ற எல்லாம் அடைத்துக்கொண்ட பழைய வழக்குகளுக்கு இது உதவும்.

‘பேசி முடிப்பது’ பற்றிக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், ஆனால் எல்லாக் குடும்பத்துக்கும் அந்தத் தூது வரும். அரசு அறிவிக்கும் நிவாரணம், வேலை, வீட்டுமனை ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் உரிமை, வாங்கியதால் வழக்கு போகாது. உள்ளூர்ப் பிரமுகர் மூலம் ராத்திரி வரும் பணம் வேறு. கொலை வழக்கைச் சமரசம் செய்ய சட்டத்தில் இடமே இல்லை. பணம் கொடுத்தவர்களுக்கு வேண்டியது உங்கள் சாட்சியம் மாறுவது மட்டும்தான். மூன்று பிள்ளைகளோடு தனியாக நிற்கும் ஒரு பெண் அந்தப் பணத்தை வாங்கினால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இடைக்கால இழப்பீட்டை நீதிமன்றத்திலேயே கேட்கலாம் என்று அவருக்கு யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| கதவு | முதல் நாட்களில் தடயத்தைக் காக்குமா | தண்டனைக்கு வழி | எப்போது நல்லது |
|---|---|---|---|
| நீதித்துறை நடுவர் விசாரணை | ஓரளவு, நடுவரைப் பொறுத்து | நேரடியாக இல்லை | எப்போதும், ஆனால் தனியாக அல்ல |
| உயர் நீதிமன்ற ரிட் | காக்கும் | உண்டு, வருடக்கணக்கில் | உடல் இருக்கும்போது, விசாரணை சாயும்போது |
| மனித உரிமை ஆணையம் | காக்காது | இல்லை, இழப்பீடு உண்டு | காயம், சட்டவிரோதக் காவல், ஒரு வருடத்துக்குள் |
| அரசு விசாரணை ஆணையம் | காக்காது | இல்லை | பலர் இறந்த சம்பவத்தில் உண்மையைப் பதிவாக்க |
| தனிப் புகார் | காக்காது | உண்டு, தடைகள் அதிகம் | எஃப்.ஐ.ஆர். மறுக்கப்பட்டால் |

## குடும்பம் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது?

இவ்வளவையும் எழுதி முடித்துப் படித்துப் பார்க்கும்போது எனக்கே கோபம் வருகிறது. வீட்டில் சாவு விழுந்து இரண்டாம் நாள், ஓர் அம்மா இதையெல்லாம் யோசித்து முடிவெடுக்க வேண்டுமா? எந்தக் கதவைத் தட்டினாலும் கடைசியில் மகஜர் போடுவதும் சாட்சியை விசாரிப்பதும் ஏதோ ஒரு போலீஸ்தான் என்பதுதானே சிக்கலே?

உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பரில் பிரகாஷ் சிங் வழக்கில் இதற்கு ஒரு வழி சொன்னது. மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என்று காவல்துறைப் புகார் ஆணையம் அமைக்க வேண்டும், ஓய்வு பெற்ற நீதிபதிகள் தலைமை தாங்க வேண்டும் என்றது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காவல்துறையோடு தொடர்புள்ள ஒவ்வொரு மரணமும் போலீசுக்கு வெளியே உள்ள ஒரு தனி அமைப்புக்குக் கட்டாயம் அனுப்பப்படுகிறது. வட அயர்லாந்தில் 2000ஆம் ஆண்டிலிருந்து அதற்கென்றே ஒரு குறைதீர்ப்பாளர் இருக்கிறார், அவருக்குச் சொந்தமாகப் புலனாய்வாளர்கள் இருக்கிறார்கள். குடும்பம் யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை, அவர்கள்தான் வந்து நிற்பார்கள்.

தமிழ்நாடு 2013இல் காவல்துறைச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி மாநிலப் புகார் ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலர், டி.ஜி.பி. உறுப்பினர். மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். அதனால்தான் மேலே உள்ள அட்டவணையில் இந்தக் கதவை நான் சேர்க்கவே இல்லை.

சீர்திருத்தம் என்று பேசும்போது துப்பாக்கிப் பயிற்சி, மனித உரிமை வகுப்பு, கேமரா என்று பட்டியல் நீளமாகப் போகிறது. எல்லாம் தேவைதான். ஆனால் இப்போது உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடம் ஒன்றே ஒன்றைக் கேட்கலாம் என்றால், அந்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் தலைவர் யார், உறுப்பினர் யார் என்ற வரிகளை மாற்றச் சொல்லுங்கள். தலைவராக நீதிபதி, சொந்தப் புலனாய்வாளர்கள், காவல் மரணமோ துப்பாக்கிச் சூடோ நடந்தால் 24 மணி நேரத்துக்குள் தானாக எடுத்துக்கொள்ளும் கடமை.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் பிற்பாடு என்னோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு கொடுக்க வந்தார். வரிசையில் நின்றபோது, இதை யார் விசாரிப்பார்கள் என்று கேட்டார். எஸ்.பி.க்கு அனுப்புவார்கள் என்றேன். அவர் என்ன செய்வார் என்றார். அந்த ஸ்டேஷனிடம் விளக்கம் கேட்பார் என்றேன். மனுவை என் கையில் கொடுத்துவிட்டு, குழந்தைக்குத் தண்ணீர் வாங்கப் போனார்.